தாத்தாவுக்கு ஒரு வெள்ளரிக்காய்க் குதிரை: ஜப்பானிய முன்னோர் மரபைக் கைவேலை வழியே பிள்ளைகளுக்குக் காட்டுவது

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கட்டும். கணவர் ஜப்பானியர்; குடியிருப்பது டோக்கியோவில், அடுக்குமாடி வீட்டில். மகளுக்கு ஐந்து வயது, மகனுக்கு மூன்று. மாமனார் ஜனவரியில் காலமானார். வரும் ஆகஸ்டில் கிராமத்தில், மாமியார் வீட்டில், அவருக்கு முதல் ஓபோன், அதாவது இறந்த முன்னோர் வீட்டுக்கு வந்துபோவதாகக் கருதி அனுசரிக்கும் நாள்கள். பிள்ளைகள் பயப்படாமல் அதில் கலந்துகொள்ள வேண்டும், கையால் எதையாவது செய்யவைத்து இந்த மரபைக் காட்டலாமா, கடையில் விற்கிற கைவேலைப் பெட்டிகளில் எதை வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

பெட்டி எதுவும் வேண்டாம். காய்கறிக் கடைக்கு ஒரு நடை, நூறு யென் கடைக்கு ஒரு நடை, மாமியாருக்கு ஒரு போன். இது போதும்.

இங்கே ஒரு மழலையர் காப்பகத்தில் நெடுங்காலமாக வேலை பார்க்கிறேன். அங்கே பிள்ளைகள் செய்யும் பண்டிகைப் பொருள்களைக் கவனித்தால் ஒன்று தெரியும். ஒவ்வொன்றுக்கும் ஒரு தேதி உண்டு, ஒரு வேலை உண்டு, அப்புறம் ஒரு முடிவும் உண்டு. பிப்ரவரி தொடக்கத்தில் பேயை விரட்டும் செத்சுபுன் நாளுக்குச் செய்யும் பேய் முகமூடி, வறுத்த சோயாவால் அடி வாங்குவதற்காகவே செய்யப்படுகிறது. நட்சத்திரப் பண்டிகையான தனபாதாவுக்கு மூங்கிலில் கட்டும் வண்ணக் காகிதம் ஜூலை 7 முடிந்ததும் இறங்கிவிடும். காகிதத்தில் வெட்டி உடம்பில் தடவி ஆற்றில் விடுகிற நாகாஷிபினா பொம்மையும் அப்படித்தான். கிமோனோ பொம்மையோ காகித சாமுராயோ செய்து அலமாரியில் வைத்தால் பிள்ளைகளுக்குக் கத்தரிக்கோல் பிடிக்க வரும், வேறொன்றும் வராது. அதனால் தேதியும் வேலையும் முடிவும் உள்ள பொருளாகப் பார்த்து எடுங்கள். ஓபோனில் அதற்குப் பஞ்சமே இல்லை.

சரி, மாமியாரிடம் கேட்க வேண்டியது என்ன? முதலில் தேதி. ஜப்பானின் பெரும்பகுதியில் ஓபோன் ஆகஸ்ட் 13 முதல் 16 வரை. டோக்கியோவிலும் வேறு சில இடங்களிலும் அதே தேதிகள் ஜூலையில். ஓக்கினாவாவில் பழைய சந்திர நாள்காட்டிப்படி, வருஷா வருஷம் தேதி மாறும். இரண்டாவது, அந்த வீடு எந்தப் பௌத்தப் பிரிவைச் சேர்ந்தது என்பது. இது சம்பிரதாயத்துக்காகக் கேட்கிற கேள்வி இல்லை. ஜோதோ ஷின்ஷூ பிரிவில், இறந்தவர் உடனே அமிதா புத்தரின் தூய உலகில் பிறந்துவிடுகிறார் என்பது நம்பிக்கை. அவர் ஓபோனுக்கு வீடு தேடி வருவதும் இல்லை, திரும்பிப் போவதும் இல்லை. ஆகவே குதிரையும் கிடையாது, வழிகாட்டும் தீயும் கிடையாது. அந்த வீட்டுக்கு நீங்கள் வெள்ளரிக்காய்க் குதிரையோடு போய் நின்றால் மாமியார் ஒன்றும் சொல்லமாட்டார், சிரித்து வாங்கிக்கொள்வார், அதை எங்கே வைப்பதென்று திண்டாடுவார். மூன்றாவது, அந்த வீட்டு வழக்கம் என்ன என்பது. ஒரே ஊரில் இரண்டு வீட்டுக்கு இரண்டு விதமாக இருக்கும்.

முதல் ஓபோன் என்பதால் இன்னொன்றும் உண்டு. இறந்து 49 நாள் கழிந்தபின் வரும் முதல் ஓபோனை ஹாத்சுபோன் அல்லது நீபோன் என்பார்கள். பல ஊர்களில் அந்த ஒரு தடவை மட்டும் எந்தச் சித்திரமும் இல்லாத வெள்ளை விளக்குக்கூண்டு ஒன்றைத் தொங்கவிடுவார்கள். முதல் முறை வருகிறவர் வழி தவறாமல் வீட்டை அடையாளம் காண வேண்டும் என்பதற்காக. முடிந்ததும் அதை எரித்துவிடுவார்கள் அல்லது கோயிலில் கொடுத்துவிடுவார்கள், அடுத்த வருஷத்துக்கு எடுத்துவைப்பதில்லை. அந்த விளக்கில் பிள்ளைகளைக் கை வைக்க விடாதீர்கள். வெள்ளையாக இருப்பதுதான் அதன் பொருள், அதில் கிரயானால் சூரியகாந்தி வரையக்கூடாது. பிள்ளைகளுக்கு வேறு விளக்கு இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

இப்போது குதிரை. ஷோர்யோஉமா என்று பெயர். வெள்ளரிக்காய்க்கு நாலு கால் வைத்தால் குதிரை, கத்தரிக்காய்க்கு நாலு கால் வைத்தால் மாடு. வரும்போது குதிரையில் ஏறிச் சீக்கிரம் வர வேண்டும்; போகும்போது மாட்டின் மேல் படையல் பொருள்களை ஏற்றிக்கொண்டு மெதுவாகப் போக வேண்டும். கிழக்கு ஜப்பானில், குறிப்பாக டோக்கியோவைச் சுற்றிய காந்தோ பகுதியில், இது அதிகம். சில ஊர்களில் இதையே மாற்றிச் சொல்வதும் உண்டு. சீக்கிரம் வா, மெதுவாகப் போ என்கிற இந்தக் கணக்கு மூன்று வயதுப் பிள்ளைக்கே விளக்கம் இல்லாமல் புரிகிறது. மரபு பற்றி நீங்கள் வேறு எதுவும் சொல்லாவிட்டாலும் இது ஒன்று போதும்.

நேரான வெள்ளரிக்காய் வாங்காதீர்கள். பேரங்காடியில் நேராக அடுக்கி வைத்திருப்பதில் குதிரை வராது. வளைந்ததாகத் தேடினால் ஒரு முனை தானே கழுத்தாக நிமிர்ந்து நிற்கும். மாமியார் வீட்டுத் தோட்டத்தில் இருந்தால் இன்னும் நல்லது, பிள்ளைகளே பறிக்கட்டும். கத்தரிக்காயில் காம்பு நீண்டு வளைந்திருப்பதாகப் பாருங்கள், அது மாட்டின் தலை. கால்களுக்கு முறைப்படி வைப்பது ஒகரா எனப்படும் தோலுரித்து உலர்த்திய சணல் தண்டு. ஓபோன் நெருங்கும்போது கடைகளில் கட்டுக்கட்டாக வரும். கிடைக்காவிட்டால் உணவுக் குச்சியை ஒடித்துக்கொள்ளலாம். பல் குத்தும் குச்சி வேண்டாம்: கூராக இருக்கும், கத்தரிக்காயின் கனத்துக்குச் சாய்ந்துவிடும். மூன்று வயதுக்காரனுக்குத் தோலைத் துளைக்கிற பலம் இருக்காது, அழுத்தினால் காய் உருண்டு ஓடும். நீங்கள் கம்பியால் நாலு ஓட்டை போட்டுக் கொடுங்கள், அவன் தண்டைச் சொருகட்டும். முன்னங்கால் இரண்டும் லேசாக முன்புறம், பின்னங்கால் இரண்டும் லேசாகப் பின்புறம் சாய்ந்தால்தான் நிற்கும்; நேர்க்குத்தாகச் சொருகினால் குப்புற விழும். விழட்டும், இரண்டு தடவை விழுந்தபின் ஐந்து வயது மகளே கண்டுபிடித்துவிடுவாள். வாலுக்குச் சோளக்கதிரின் பட்டு நூல். சில வீடுகளில் சோமென் சேமியாவை இரண்டு இழை எடுத்துக் கடிவாளமாகப் போடுவார்கள், மாட்டுக்குப் பொதி கட்டும் கயிறாகவும் அதுவே.

இதில் கண், மூக்கு, சிரித்த வாய் ஒட்டும் வேலைக்குப் போக வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். கண் ஒட்டியதும் அது பொம்மையாகிவிடுகிறது, பிள்ளை விளையாட எடுத்துக்கொண்டு போய்விடும். கண் இல்லாத குதிரைக்கு யாரோ ஏறி வரப் போகிறார்கள் என்ற மதிப்பு இருக்கிறது.

செய்ய நல்ல நேரம் 12 சாயங்காலம் அல்லது 13 காலை. அதற்கு முன்னால் செய்தால் ஆகஸ்ட் வெக்கையில் கால் சொருகிய இடம் கறுத்துப்போய், மாடு 15ஆம் தேதியே மண்டியிட்டுவிடும். படையல் மேடையில் மாகோமோ புல் பாயின் மேல் வைப்பார்கள். பல வீடுகளில் 13 அன்று தலை வீட்டுக்குள் பார்த்திருக்க வைத்து, 16 அன்று வாசலைப் பார்த்துத் திருப்பி வைப்பது வழக்கம். மாமியார் வீட்டிலும் அப்படியென்றால் அந்தத் திருப்பும் வேலையை மகனுக்குக் கொடுத்துவிடுங்கள். நாலு நாள் அதற்காகக் காத்திருப்பான்.

அடுத்தது ஹோசுகி. நம் ஊரில் பாதையோரம் முளைக்கும் சொடக்குத் தக்காளியின் இனம்தான். ஆனால் கூடு பெரிதாக, ஆரஞ்சு நிறத்தில், உள்ளே ஒரு பழத்தோடு விளக்கு மாதிரியே தொங்கும். வருகிறவருக்கு வழி காட்டும் விளக்கு என்று மேடையில் கட்டுவார்கள். இதற்கு டோக்கியோவிலேயே ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. ஜூலை 9, 10 தேதிகளில் அசாகுசா சென்சோஜி கோயிலில் ஹோசுகிச் சந்தை கூடும். அன்று கும்பிட்டால் 46,000 நாள் கும்பிட்ட பலன் என்பார்கள். அங்கே ஒரு தொட்டிச் செடி வாங்கி வந்து பால்கனியில் பிள்ளைகளைத் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள்.

ஜூலைக் கடைசியில், நன்றாகப் பழுத்த நாலைந்து கூடுகளைப் பறித்துத் தண்ணீரில் மூழ்க வையுங்கள். சில நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். இரண்டு வாரம் போல ஆனால் கூட்டின் சதை அழுகிக் கழன்றுவிடும், நரம்பு மட்டும் நிற்கும். மென்மையான பல்துலக்கியால் ஓடும் தண்ணீரில் தடவிக் கழுவி உலர்த்தினால் சல்லடை போல ஒரு கூடு, அதற்குள் பழம் அப்படியே தெரியும். நாற்றம் அடிக்கும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், பால்கனியில் வைத்துக்கொள்ளுங்கள். கழுவுகிற வேலை ஐந்து வயதுக்குச் சரியாக இருக்கும், மூன்று வயது கிழித்துவிடும். அந்தக் காலத்துப் பாட்டிமார் பழத்தைப் பிசைந்து விதையை எடுத்துவிட்டு, தோலை வாயில் வைத்து அழுத்தி ஒலி எழுப்புவார்கள். மாமியாருக்கு அது தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள், தெரிந்தால் பிள்ளைகள் அவரை விடமாட்டார்கள். ஆனால் அலங்கார ஹோசுகி தின்பதற்கு இல்லை, சின்னவன் வாயில் போட்டுக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி பிள்ளைகளின் விளக்கு. ஒரு லிட்டர் பால் அட்டைப்பெட்டியைக் கழுவிக் காயவைத்து, நாலு பக்கமும் சன்னல் வெட்டி, உள்பக்கத்தில் தூரிகை எழுத்துப் பழகும் ஹான்ஷி தாளை ஒட்டினால் விளக்கு. ஒட்டுவதற்கு முன்பே தாளில் பிள்ளைகள் வரைந்துவிட வேண்டும். என்ன வரைவது? இங்கேதான் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். தாமரை, புத்தர் என்று மாதிரி கொடுக்காதீர்கள். ஒஜீச்சானுக்கு, அதாவது தாத்தாவுக்கு, என்ன பிடிக்கும், அவர் தோட்டத்தில் என்ன வளர்த்தார், எந்த வண்டி ஓட்டினார் என்று கேளுங்கள், அதை வரையட்டும். மூன்று வயதுக்காரனுக்குத் தாத்தா ஞாபகம் மங்கலாகத்தான் இருக்கும், அக்கா சொல்வதைக் கேட்டு அவனும் ஏதோ கிறுக்குவான், போதும். மேலே கயிறு கட்டி ஒரு குச்சியில் மாட்டுங்கள், உள்ளே பேட்டரி மெழுகுவர்த்தி. உண்மையான நெருப்பு இதற்குள் வேண்டவே வேண்டாம்.

இந்த விளக்குக்கு வேலை 13 அன்று மாலையில். பல ஊர்களில் அன்று குடும்பத்தோடு கல்லறைக்குப் போய், அங்கே விளக்கை ஏற்றி, அந்த வெளிச்சத்திலேயே முன்னோரை வீட்டுக்கு அழைத்து வருவார்கள். மாமனாரின் அஸ்தியைக் கல்லறையில் வைத்தாயிற்று என்றால், பெரியவர்கள் கையில் குடும்ப விளக்கும் பிள்ளைகள் கையில் பால்பெட்டி விளக்குமாக நடந்து வாருங்கள். வாசலில் ஹோரோகு என்கிற மண்தட்டில் ஒகராவை எரிப்பார்கள், அதுதான் முகாயேபி, வரவேற்புத் தீ. இந்த வெளிச்சத்தில் வாருங்கள் என்று பிள்ளைகள் கூப்பிடுகிற ஊர்களும் உண்டு. தீயைச் சுற்றிப் பிள்ளைகள் நிற்கும் இடத்தை முன்பே கோடு போட்டுக் காட்டிவிடுங்கள், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர்.

சமையலறையிலும் கைவேலை உண்டு. ஷிராதாமா என்னும் ஒட்டரிசி மாவைத் தண்ணீர் விட்டுக் காதுமடல் பதத்துக்குப் பிசைந்து உருட்டினால் படையலுக்குத் தாங்கோ உருண்டை. உருட்டுவது மூன்று வயதுக்கு ஏற்ற வேலை. தின்பது அப்படி இல்லை. வழுக்கித் தொண்டையில் அடைக்கும் என்பதால் காப்பகங்களில் ஷிராதாமாவைச் சாப்பாட்டில் போடாமல் தவிர்க்கிறார்கள். மகன் உருட்டட்டும், தட்டில் அடுக்கட்டும், மேடையில் வைக்கட்டும், தின்பது பெரியவர்கள். அவனுக்கு வேறு தின்பண்டம் கொடுங்கள்.

பிள்ளைகள் கேட்கப் போகிற கேள்விகளுக்கு வருவோம். “தாத்தா எங்கே, தெரியவே இல்லையே?” இதற்குப் பூசி மெழுகாதீர்கள். தாத்தா இறந்துவிட்டார், அவரைக் கண்ணால் பார்க்க முடியாது, இந்த நாலு நாள் அவர் வீட்டுக்கு வருகிறார் என்று இந்த வீட்டில் எல்லாரும் நினைத்துக்கொண்டு அவருக்குப் பிடித்ததைச் செய்கிறோம், இவ்வளவு போதும். “தாத்தா ஊருக்குப் போயிருந்தார், இப்போது வருகிறார்” என்று சொன்னால் சின்னவன் வாசலில் உட்கார்ந்து நிஜமாகவே காத்திருப்பான். குதிரையில் யாரும் ஏறிக் காணோமே என்றால், பார்க்க முடியாதவர் ஏறியதும் பார்க்க முடியாதுதானே என்று சொல்லலாம். இந்தப் பதிலில் பிள்ளைகளுக்கு ஒரு குறையும் தெரிவதில்லை, நமக்குத்தான் சங்கடம்.

ஓபோன் எங்கிருந்து வந்தது என்ற கதையை இப்போது சொல்ல வேண்டாம் என்பேன். புத்தரின் சீடர் மௌத்கல்யாயனர், ஜப்பானில் மொகுரென், இறந்த தன் தாய் பசிப்பேய்களின் உலகில் வாடுவதைக் கண்டார். அவர் கொடுத்த சோறு தாயின் வாய்க்குப் போகுமுன் தீயாக மாறியது. ஏழாம் மாதம் 15ஆம் நாள் துறவிகளுக்கு உணவளிக்கச் சொன்னார் புத்தர், தாய் மீண்டார். ஜப்பானின் பழைய வரலாற்று நூலில் 606ஆம் ஆண்டிலேயே அந்த நாளில் கோயில்களில் விருந்து வைக்கும் வழக்கம் குறிக்கப்பட்டிருக்கிறது, 657இல் உராபோன் என்ற பெயரே வருகிறது. நமக்குச் சுவையான செய்திதான். ஆனால் தாத்தாவை இழந்த ஐந்து வயதுக்குத் தீயாக மாறும் சோறு இப்போது தேவையில்லை. போன் ஓதோரி நடனம் மொகுரென் மகிழ்ச்சியில் ஆடியதிலிருந்து வந்தது என்பார்கள், அதை மட்டும் சொல்லி ஆடக் கூட்டிப்போங்கள்.

16ஆம் தேதிதான் பெற்றோர் பலர் கோட்டை விடுகிற இடம். ஒகுரிபி, வழியனுப்பும் தீ. கியோத்தோவில் அன்று இரவு எட்டு மணிக்கு ஐந்து மலைகளில் அடுத்தடுத்து எழுத்தும் உருவமுமாகத் தீ மூட்டுவது இதற்காகத்தான்; அந்தப் படத்தைக் காட்டினால் ஊரே சேர்ந்து வழியனுப்புவது பிள்ளைகளுக்குத் தெரியும். அன்று குதிரைக்கும் மாட்டுக்கும் கடைசி நாள். அந்தக் காலத்தில் ஆற்றில் விட்டார்கள். இப்போது வெள்ளைத் தாளில் வைத்து, உப்புத் தூவி, மடித்துக் குப்பையில் சேர்க்கிறார்கள், இடம் இருந்தால் தோட்டத்தில் புதைக்கிறார்கள். கிராமத்து வீடு என்பதால் புதைக்க முடியும், பிள்ளைகள் குழி தோண்டட்டும். “பாவம், அழகாகச் செய்தாளே” என்று பிள்ளைகளுக்குத் தெரியாமல் எடுத்து ஒளித்துவைக்காதீர்கள். மகள் அழுதால் அழட்டும், மாடு தாத்தாவைக் கொண்டுபோய் விட்டுவிட்டது, அதன் வேலை முடிந்தது என்று சொல்லுங்கள். ஒரு புகைப்படம் எடுத்துக்கொள்வதில் தப்பில்லை. பால்பெட்டி விளக்கை வேண்டுமானால் வீட்டுக்குக் கொண்டுவரலாம், அதற்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லை. ஆற்றில் விளக்கு விடும் தோரோ நாகாஷி அந்த ஊரில் நடந்தால் ஏற்பாட்டாளர்களிடம் வாங்கி விடுங்கள். அவர்கள் கீழே பிடித்துச் சேகரித்துவிடுவார்கள். நாமாக ஆற்றில் விடுவது குப்பை.

மாமியார் வீடு ஜோதோ ஷின்ஷூ என்று தெரியவந்தால் குதிரையையும் தீயையும் விட்டுவிட்டு விளக்கையும் கல்லறைக்குப் போவதையும் வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பிரிவு வேரூன்றிய ஹிரோஷிமா பக்கத்தில் மூங்கில் குச்சியில் புனல் வடிவமாக வண்ணத் தாள் ஒட்டிய போன்தோரோவைக் கல்லறையில் நட்டு வைப்பார்கள், இறந்து முதல் வருஷம் என்றால் வெள்ளை. வண்ணத் தாள் ஒட்டுவது பிள்ளைகளால் முடியும். குப்பையும் தீப்பிடிப்பும் கருதி வேண்டாம் என்கிற கோயில்களும் உண்டு, கேட்டுக்கொள்ளுங்கள். ஓக்கினாவாவில் முன்னோருக்கு ஊன்றுகோலாகக் கரும்பை வெட்டிப் படையலில் வைக்கிறார்கள். எனக்கு அது மிகவும் பிடிக்கும், ஆனால் உங்கள் குடும்பத்து வழக்கம் இல்லை என்பதால் கதையாகச் சொல்லுங்கள், செய்ய வேண்டாம்.

ஆகஸ்டுக்கு முன்னால் ஜூலை 7 இருக்கிறதே, தனபாதா. அதை இன்று நட்சத்திரங்களின் நாள் என்றே நினைக்கிறோம், ஆனால் பழைய கணக்கில் ஏழாம் மாதம் 7 ஓபோன் ஏற்பாடு தொடங்கும் நாளும்கூட. சிபா பகுதியில் மாகோமோ புல்லில் குதிரை செய்வது அந்த நாளில்தான். தனபாதா அலங்காரத்தில் காகிதக் கிமோனோ ஒன்று உண்டு. அதை மடிக்கும்போது ஒரே ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள்: அணிந்தவரின் இடது பக்கம் மேலே வர வேண்டும். எதிரே இருந்து பார்த்தால் கழுத்துப்பட்டி சிறிய ஆங்கில ஒய் எழுத்தாகத் தெரியும். மாற்றிப் போட்டால் அது இறந்தவருக்கு உடுத்தும் முறை. சென்தாய் நகரத்துத் தனபாதாவில் குஸுகாகோ என்று ஒரு காகிதக் கூடையும் கட்டுவார்கள், மற்ற அலங்காரங்களை வெட்டி மிஞ்சிய துண்டுகளைப் போட. மேசையைச் சுத்தம் பண்ண இதைவிட நல்ல உபாயம் நான் பார்த்ததில்லை.

செப்டம்பர் 23ஐ ஒட்டிய ஒரு வாரம் ஹிகான், மறுபடி கல்லறைக்குப் போகும் காலம். வயல் வரப்பிலும் கல்லறையோரத்திலும் சிவப்பு ஹிகான்பனா பூத்திருக்கும். அதன் கிழங்கு நஞ்சு, பிள்ளைகள் கிள்ள வேண்டாம். சிவப்புத் தாளைக் குறுகிய நாடாக்களாக வெட்டிப் பென்சிலில் சுருட்டி விட்டால் அதே பூ வரும்.

ஓரிகாமி பற்றி ஒன்றும் சொல்லவில்லையே என்று நினைக்கலாம். ஐந்து வயதுக்குக் கொக்கு மடிக்க வராது, நீங்கள்தான் மடிப்பீர்கள், அவள் பார்த்துக்கொண்டிருப்பாள். ஏழு வயதாகட்டும். அதோடு, பள்ளிக்கூட வண்ணத்தாள் ஓரிகாமியில் ஃப்ரோபெல் என்ற ஜெர்மானியக் கல்வியாளரின் மழலையர் கல்விமுறைக்குப் பங்கு பெரிது. 1876இல் டோக்கியோவில் தொடங்கிய முதல் அரசு மழலையர் பள்ளி அவர் வழியில்தான் காகிதம் மடிக்கக் கற்றுக்கொடுத்தது. முன்னோர் மரபு என்று பெட்டியின் மேல் அச்சடித்ததெல்லாம் அவ்வளவு பழையதில்லை.

டோக்கியோ வீட்டில் புத்சுதான், அதாவது முன்னோரை வணங்கும் வீட்டுப் பௌத்த மாடம், இருக்காது என்று நினைக்கிறேன். இங்கே பல வீடுகளில் பிள்ளைகள் வரைந்த படத்தையும் பள்ளி மதிப்பெண் அட்டையையும் முதலில் புத்சுதான் முன் வைத்துவிட்டுத்தான் மற்றவர்களுக்குக் காட்டுவார்கள். உங்கள் வீட்டில் ஓர் அலமாரித் தட்டில் தாத்தாவின் படத்தை வைத்தால் அதுவே போதும். ஓபோன் முடிந்து திரும்பியதும் பிள்ளைகள் எதைச் செய்தாலும் கொஞ்ச நேரம் அங்கே வைக்கப் பழக்கலாம். மாமியாருக்கு இப்போதே போன் பண்ணிவிடுங்கள். முதல் ஓபோன் என்றால் துறவி வருவது, உறவினர் வருவது என்று வீடு ஆகஸ்டில் திமிலோகப்படும், அப்போது கேட்டால் அவருக்குப் பதில் சொல்ல நேரம் இருக்காது.